பத்திரத்தில் பெண்பால்

கடிதம் வந்த நாளிலிருந்து காளியம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துவைத்த துணியை மறுபடி துவைத்தாள். உலையை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். போனவள் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றாள். எழுபத்தெட்டாம் வருஷத்து டிசம்பர் அது. பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் துண்டு துண்டாக விற்றுவிட, அங்கே வேலை செய்த இவள் குடும்பம் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் ஒரு பலகை வீட்டில் குடியேறி நான்கு வருஷம் ஆகியிருந்தது.

உள்ளே மகன் ராக்கு சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தான். தமிழ்ப்பள்ளி முடிந்துவிட்டது. ஜனவரியில் பெரிய பள்ளி. அதற்குள் கொஞ்சம் இங்கிலீஷ் வரட்டும் என்று எல்ஸி டீச்சரிடம் டியூஷனுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"பாய், மேஸ்குலின். கேர்ள், ஃபெமினின். சன், மேஸ்குலின். டாட்டர், ஃபெமினின்."

"வேற பாடமே இல்லையாடா அந்தப் பொஸ்தகத்துல?"

"இருக்கும்மா. சைல்டுன்னா காமன் ஜெண்டர். பையனா பொண்ணான்னு சொல்லத் தேவையில்லையாம்."

"அது நல்லாருக்கு. அதையே படி."

அவன் சிரித்தான். "ரிவர்னா எல்லா ஆத்துக்கும் பேரு, அது காமன் நவுன். கிந்தான்னா நம்மூர்ல ஓடற அந்த ஒரு ஆத்துக்கு மட்டும், அது ப்ராப்பர் நவுன். டீச்சர் அவங்கவங்க பேர எழுதி ஆண்பாலா பெண்பாலான்னு போடச் சொன்னாங்கம்மா. ராக்காயின்னு எழுதிட்டு நான் என்னத்தப் போட? பொண்ணுங்க எல்லாம் ஒரே சிரிப்பு."

காளியம்மா காதில் விழாதவள்போல் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

கடிதத்தில் இருந்ததும் அதுதான். உடையப்பனின் மகள் ராக்காயிக்குப் பெண்கள் பள்ளியில் இடம் கொடுத்திருந்தார்கள். மாற்ற வேண்டுமானால், பள்ளி திறப்பதற்குள் திருத்திய பிறப்புப் பத்திரம் காட்ட வேண்டும். இன்னும் பதினாறு நாள்தான். தோட்டத்துப் பள்ளியிலும் சரி, இங்கே வந்த பிறகும் சரி, வாத்தியார்கள் பையனையும் பார்த்தார்கள், பத்திரத்தையும் பார்த்தார்கள், 'ராக்கு' என்று மட்டும் கூப்பிட்டு ஆறு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள். மேலே போன தாளில் பத்திரத்தில் உள்ளதுதானே போகும்?

"அந்தக் குடிகாரக் கிராணி செஞ்ச வேலை," என்று, பிறப்பை எழுதிய தோட்டத்து ஆபீஸ் எழுத்தரை அவள் புருஷன் உடையப்பன் ஏசினான். பன்னிரண்டு வருஷமாக ஏசுகிற ஏச்சு.

அந்த வீட்டில் காளியம்மாவுக்கு மட்டும்தான் உண்மை தெரியும், கேளுங்கள். முதல் இரண்டும் ஆண் குழந்தைகள். ஆசை ஆசையாகப் பேர் வைத்தார்கள்; நடை பழகும் முன்னே இரண்டும் போய்விட்டன. மூன்றாவதும் ஆணாகப் பிறந்தபோது, தோட்டத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் செய்வதுபோல, இவளும் அவனுக்கு வளையலும் கவுனும் மாட்டிப் பெண்ணாக வளர்த்தாள். கொண்டுபோக வருகிறவன் பெண்பிள்ளை என்று ஏமாந்து தாண்டிப் போகட்டுமே! மற்றவர்கள் அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இவளுக்கு அது போதவில்லை. கவுன் இருந்து என்ன, ஆபீஸ் ஏட்டைப் பார்த்துவிட்டு வந்தால்? பச்சை உடம்போடு ஆபீசுக்கு நடந்துபோய், அந்தோணிமுத்துக் கிராணியின் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புருஷன் கேட்டபோது, கிராணி தண்ணியில் எழுதிவிட்டார் என்றாள்.

கவுன் போய்க் கால்சட்டை வந்தது. பயம் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் அவன் சைக்கிளை எடுத்தால், திரும்பி வரும்வரை இவளுக்கு மூச்சு நேரே வராது.

மறுநாள் உடையப்பன் அவளையும் இழுத்துக்கொண்டு ஈப்போவிலேயே சிலிபினில் இருந்த கிராணி வீட்டைக் கண்டுபிடித்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பல்லெல்லாம் போய், அந்தோணிமுத்து வெற்றுடம்போடு உட்கார்ந்திருந்தார்.

"கிராணியாரே, எம்மவன் பாவாடை கட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகணுமா? பதிவு ஆபீசுக்கு வந்து சொல்லுங்க, தப்பா எழுதிட்டேன்னு."

அந்தோணிமுத்து காளியம்மாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"சொல்லிட்டாப் போச்சு தம்பி. இந்த வயசுல எனக்கு என்ன பேரு கெடப் போவுது."

அவர் மனைவி ரோசம்மா சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வந்தாள். "சும்மா சொன்னா ஒத்துக்குவாங்களா? சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும்லா. ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போற மனுஷன், பைபிள்ல கைய வச்சிப் பொய் சொல்லப் போறீங்களாக்கும்."

"பொய்யா?" என்றான் உடையப்பன். "என்ன பொய்யி?"

காளியம்மா எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். சொன்னால் ஏமாற்றியது வெளியில் தெரிந்துவிடும், ஏட்டிலும் ஏறிவிடும். சொல்லாவிட்டால் அந்தப் பெரியவர் இவளுக்காகப் பொய்ச் சத்தியம் செய்வார். செய்கிறவர்தான் என்று முகமே சொன்னது.

"நாந்தான் பொண்ணுன்னு எழுதச் சொன்னேன்," என்றாள். "ஐயா வேணாம்னாரு. நாந்தான் கால்ல விழுந்தேன். பையன்னு எழுதினா இவனும் போயிருவான்னு பயம்."

உடையப்பன் அவள் பக்கம் திரும்பினான்.

"பன்னெண்டு வருஷமா இந்த மனுஷன ஏசிக்கிட்டு இருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து சோறு போட்டிருக்க."

"ஆமாங்க."

"கருவாடு வேற வறுத்து வச்ச."

"அடிக்கடி விக்கல் எடுக்கும் தம்பி," என்றார் அந்தோணிமுத்து. "இப்பதான் காரணம் தெரியுது." ரோசம்மாதான் முதலில் சிரித்தாள்.

புதன்கிழமை எல்லாருமாகப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். முகப்பில் இருந்த மலாய்க்கார அம்மா, கிராணியும் காளியம்மாவும் சத்தியம் செய்து கொடுத்த தாளைப் படித்துவிட்டு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார். காளியம்மா தனக்குத் தெரிந்த மலாயில், முன்னால் இரண்டு பையன்கள் இறந்துவிட்டார்கள் என்றாள். அந்த அம்மா தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகினார். பிறகு மேலே எதுவும் கேட்காமல் ஆண் என்று தட்டெழுதினார்.

"பேர்?"

உடையப்பன் ஒதுங்கி நின்றான். "நீயே சொல்லு."

பேர் அவளிடம் இருந்தது. பிறந்த அன்றே நினைத்தது. பிள்ளையின் காதில்கூட ஓதியதில்லை.

"ஜெயபாலன்," என்றாள், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

நாலு தட்டச்சு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கேட்கவில்லை, மறுபடி சொல்லு என்று அந்த அம்மா கையைக் காட்டினார். சொன்னாள். எட்டவில்லை. மூன்றாவது முறை வாய்விட்டுச் சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ராக்குவுக்குத்தான் அது தன் பேரென்று தெரியவில்லை. பின்பெஞ்சில் உட்கார்ந்து, கை நிறைய எண்ணெயோடு, மாவில் பொரித்த வாழைப்பழமான பீசாங் கோரேங் தின்றுகொண்டிருந்தான். அந்த அம்மா ஒவ்வோர் எழுத்தாகத் தட்டத் தொடங்கினார். தட்டுக்கு ஒரு தரம் காளியம்மா திரும்பித் திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டாள்.