முன் சீட்டு

கைரேகை கொடுப்பதில்லை என்று லூசில் பெல்கி சொல்லி ஒரு வருடம் ஆகிறது. கோல்ப்ரூக் துப்பாக்கிக் கழகத்தில், எல்லோரும் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தபோது, உரக்கத்தான் சொன்னாள்.

"என் துப்பாக்கிய என் கார் டிக்கில வெச்சுக்கிட்டுப் போக, பக்கத்து மாநிலத்துக்காரன்கிட்ட நான் விரலை நீட்டணுமா? நான் என்ன பேங்க்கையா கொள்ளையடிச்சேன்?"

எல்லோரும் கைதட்டினார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் அப்படிப் பேசினால் கைதட்டத்தான் செய்வார்கள். இங்கே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொள்ள ஒருவனும் லைசென்ஸ் கேட்பதில்லை. தெற்கே எல்லையைத் தாண்டினால் மாசசூசெட்ஸ். அங்கே எல்லாவற்றுக்கும் லைசென்ஸ். ரோட் ஐலண்டில் நடக்கும் வசந்தகாலப் போட்டிக்கு அந்த மாநிலத்தின் குறுக்கே போயாக வேண்டும். நிற்காமல் போனால் ஒன்றுமில்லை, பெட்டியில் பூட்டி வைத்தால் போதும். ஆனால் கழகத்தார் நிற்காமல் போகிறவர்கள் அல்லர். வெள்ளி இரவு வழியில் ஒரு மோட்டலில் தங்கி, வயிறு முட்ட வறுத்த கிளிஞ்சல் கறி தின்று, சனி காலை கிளம்புவதுதான் வழக்கம். மாசசூசெட்ஸில் துப்பாக்கியோடு ஓர் இரவு தங்க வேண்டுமென்றால், வெளியூர்க்காரர்களுக்கான லைசென்ஸ் எடுக்க வேண்டும்.

லூசிலின் கணவன் வெண்டெல் மறுபேச்சில்லாமல் போய் எடுத்துக்கொண்டு வந்தான். அவனுக்குக் கிளிஞ்சல் முக்கியம். அதோடு போயிருந்தால் லூசில் கவலைப்பட்டிருக்க மாட்டாள். இந்த வருடம் இவெட் தீபோவும் எடுத்துவிட்டாள்.

இவெட்டுக்குப் புருஷன் செத்து இரண்டு வருடம். சிரித்தால் கழகத்தின் கடைசி மேஜை வரை கேட்கும். சுடுவதில் லூசிலுக்குப் பக்கத்தில்கூட வர மாட்டாள். ஆனாலும் போட்டி அணியில் லூசில் நிற்க வேண்டிய இடத்தில் இப்போது அவள்தான் நிற்கப் போகிறாள். அணியில் மற்ற இரண்டு பேர் முன்னாடியே வேறு வண்டியில் போகிறார்கள். வெண்டெலின் வண்டியில் வெண்டெலும் இவெட்டும் மட்டும். நாலு மணி நேரத்துக்கு மேல் பயணம். அப்புறம் மோட்டல்.

"உன் வீட்டுக்காரரு பாட்டு பாடிக்கிட்டே ஓட்டுவாராமே? எனக்குத் தெரியவே தெரியாதுடீ!" என்று இவெட் ஒருநாள் சொன்னாள். லூசிலுக்கு வயிறு பற்றி எரிந்தது. தன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து வெண்டெல் பாடி எத்தனை வருடம் ஆகிறது? இவெட்டுக்கு யார் சொன்னது? அவனேதான் சொல்லியிருப்பான். வேறு யார் சொல்லுவார்கள்?

துப்பாக்கி இல்லாமல் சும்மா கூடப் போகலாம்தான். இவெட் சுட, லூசில் பின்னால் மடிப்பு நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கழற்றிக் கொடுத்த கோட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதா? அதற்கு வீட்டிலேயே கிடக்கலாம்.

கடைசியில் மானம் தோற்றது. பல் மருத்துவரிடம் போகிறேன் என்று வெண்டெலிடம் சொல்லிவிட்டு, பாஸ்டன் பக்கம் இருக்கும் மாசசூசெட்ஸ் லைசென்ஸ் ஆபீசுக்குத் தனியாகக் காரோட்டிப் போனாள். பத்து விரலையும் கைரேகை எடுக்கும் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். பிடிக்கவில்லைதான். ஆனால் இவெட்டின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துக்கொண்டே அழுத்தினாள், அப்போது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

பிறகு ஓர் அதிகாரி எதிரில் உட்கார வைத்தார். இளைஞர், மரியாதையானவர். பயிற்சிச் சான்றிதழைப் பார்த்தார், கழகத்தின் கடிதத்தைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"இவ்வளவு வருஷமா கேக்காத லைசென்ஸை இப்ப எதுக்காகம்மா கேக்குறீங்க?"

போட்டிக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வடக்கே வளர்ந்தவளுக்குக் கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்லித்தான் பழக்கம். அதுவும் போன மாதம் பூராவும் அந்த ஒன்றையே நினைத்துப் புழுங்கியவள்.

"என் புருஷன் அந்த இவெட்கூட ஒரே வண்டியில போறான். மோட்டல்ல தங்கப் போறாங்க. நானும் அங்க இருக்கணும்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"துப்பாக்கியோடயா?"

"ஆமா, பின்ன? துப்பாக்கியோடதான்."

சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று அவள் காதுக்கே கேட்டது. "ஐயையோ, போட்டிக்குங்க! போட்டிக்காகத்தான் கேட்டேன்!" என்று பதறினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த ஆட்டலைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயிற்று. அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர் இடத்தில் இவள் இருந்திருந்தால் இவளும் லைசென்ஸ் கொடுத்திருக்க மாட்டாள்.

வீடு வந்து சேர்ந்தபோது வெண்டெல் சமையலறையில் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"பல்லு என்னாச்சு?"

பொய்யை இழுத்துக்கொண்டு போகத் தெம்பில்லை. "பல்லுக்குப் போகல. லைசென்ஸ் ஆபீசுக்குப் போனேன்."

வெண்டெல் துணியைக் கீழே போட்டான். "நெசமாவா லூசி? கிடைச்சுதா?"

அவன் முகத்தில் இருந்த ஆவலை அவள் பார்த்தாள். பார்த்தும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு பெண்பிள்ளைமேல் இருந்த பொறாமையில் உளறிவிட்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது?

"கைரேகை வைன்னான். போடா நீயும் உன் லைசென்ஸும்னு எந்திரிச்சு வந்துட்டேன்."

வெண்டெல் குனிந்து துணியை எடுத்தான். பிறகு மெல்லச் சிரித்தான். "நீ மாறவே மாட்டடீ. எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நப்பாசை. லூசி மனசு மாறினா முன் சீட்டு அவளுக்குத்தான், நீ பின்னால போயிடணும்னு இவெட்கிட்ட ரெண்டு மாசமா சொல்லி வெச்சிருந்தேன். நீ பக்கத்துல இருந்தா நான் எப்படிப் பாடுவேன்னு அவகிட்டப் பெருமையா அளந்துவேற வெச்சிருக்கேன்."

லூசில் மேஜையில் திறந்து கிடந்த எண்ணெய்ப் புட்டியை எடுத்து மூடினாள்.

"சும்மாவாவது வாயேன்," என்றான் அவன். "துப்பாக்கி இல்லாம வா. ரெண்டு பேரும் கிளிஞ்சல் தின்னலாம்."

வரேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் இப்போதுதானே ஒரு மாநிலத்தையே தூக்கியெறிந்துவிட்டு வந்ததாகச் சொல்லியிருக்கிறாள்? கிளிஞ்சலுக்காக அதே ஊருக்குப் போனால் வேஷம் கலைந்துவிடும். கலைந்தால் உள்ளே இருப்பது என்ன என்று அவன் கேட்பான்.

"அந்த மண்ணுல நான் கால வெக்க மாட்டேன்," என்றாள்.

"அதான் என் லூசி," என்று அவன் அவள் தோளைத் தட்டினான்.

வெள்ளிக்கிழமை காலை இவெட் வந்தாள். தன் பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "லூசி வரல இவெட், முன்னால வா," என்றான் வெண்டெல்.

"அப்படியா?" என்று இவெட் கண்ணாடியை இறக்கி லூசிலைப் பார்த்தாள். "உன்னை மாதிரி ரோசம் எனக்கு இல்லடீ. எனக்குப் பொறாமையா இருக்கு." பிறகு இறங்கி, முன்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள்.