அடங்கிய குரல்

சேலையூர் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், சங்கச் செயலாளர் வேதசிரோமணி பேசினால் எதிரில் நிற்பவருக்கே கேட்காது. தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை, கொள்கை. "சோட்டோ வோச்சே. இத்தாலி வார்த்தை, இங்கிலீஷ்காரனே கடன் வாங்கி வச்சிருக்கான். குரலை அடக்கிப் பேசறதுன்னு அர்த்தம். பெரிய மனுஷங்க அப்படித்தான் பேசுவாங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் விளக்கமும் போட்டிருந்தார். அதற்குப் பிறகு "கேக்கல சார்" என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? கூட்டம் முழுவதும் தலையாட்டப் பழகிக்கொண்டது.

இந்த மாதக் கூட்டத்தில் ஜஹீராவின் கோரிக்கை வந்தது. மகள் ரூக்சாரின் நிச்சயதார்த்தத்தை ஞாயிறன்று மொட்டைமாடியில் நடத்த அனுமதி வேண்டும். படப்பையிலிருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கு அவள் இடத்தைச் சொல்லியும்விட்டாள். வேதசிரோமணி எழுந்தார், உதடுகளை அசைத்தார், உட்கார்ந்தார். எல்லாத் தலைகளும் ஆடின.

கிடைத்ததா, இல்லையா? ஜஹீரா பக்கத்து நாற்காலி லோகநாதனிடம் குனிந்தாள்.

"அண்ணா, இன்னா சொன்னாரு?"

"கரெக்டாத்தான் சொன்னாரும்மா."

"அதான், இன்னான்னு?"

"ஏரோப்ளேன் சத்தத்துல சரியா வுழல." வானத்தில் காக்கைகூட இல்லை.

முன்வரிசை தீபாவின் தோளைத் தொட்டாள்.

"நைஸ் டெசிஷன்க்கா."

"என்ன டெசிஷன்?"

தீபா முழித்தாள். "லோகநாதன் அங்கிள் ஆட்டினாரு, நானும் ஆட்டிட்டேன்."

ஜஹீராவுக்குக் கவலை போய் வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. செயலாளருக்கு மட்டும் அடுத்தவர் முணுமுணுப்பு கேட்குமா? எழுந்து நின்றாள். உதடு மட்டும் அசைய, "ஞாயிறு நாலு மணிக்கு மாடி எங்களுக்கு" என்றாள். வேதசிரோமணி கண்களை மூடி, கச்சேரி கேட்பவர்போல் நிதானமாகத் தலையசைத்தார்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்! எல்லாரும் வந்துடுங்க. ஞாயித்துக்கிழமை நாலு மணி, மொட்டைமாடி. சார் ஓகே சொல்லிட்டாரு!"

"எதுக்கு ஓகே?" செயலாளர் போட்ட சத்தத்தில் வாசலில் நாய் குரைத்தது.

"இப்பத்தானே சார் தலையாட்னீங்க?" என்றார் லோகநாதன். "காதுல வுழலியா?"

காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்வதா, மாடியைக் கொடுப்பதா? வேதசிரோமணி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"குடுத்தாச்சுன்னு முதல்லயே சொன்னேனே! மறுபடி எதுக்கு ஓகேன்னுதான் கேட்டேன்!" தெருமுனை வரை எட்டும் குரலில் முழங்கினார்.

முதலில் உண்மையில் என்னதான் சொன்னார் என்று தெரிந்துகொள்ள ஜஹீராவுக்கு ஆசைதான். கேட்ட சாட்சி ஒருவராவது இருந்தால்தானே!