ஈரச் சாக்கு

தறி அறை ஜன்னல்களில் தொங்கும் சாக்கு காயக்கூடாது. சேவூரில் நெசவுக்கார மணவாளன் வீட்டில் எனக்கு அதுதான் வேலை. வறண்ட காற்று பட்டால் பட்டுப் பாவில் இழை இழையாக அறும். மூன்று வருஷமாக மழை ஏமாற்றியதில் கிணறுகள் வற்றி, நடவுக்கு என்னைக் கூப்பிட ஆளில்லை. அதனால் லாரித் தண்ணீரைக் குடத்தில் சுமந்து வந்து மண்தரையில் தெளிப்பேன், நான்கு சாக்கையும் நனைப்பேன். கத்திரி வெயிலிலும் அந்த அறைக்குள் கால் வைத்தால் குளுகுளுவென்று இருக்கும்.

எங்களுடையது ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், தகரக் கொட்டகை. பக்கவாதத்தில் விழுந்த என் வீட்டுக்காரர் தருமன் அதற்குள் கிடந்தார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. இடது கைக்கு விசிறி பிடிக்கத் தெம்பில்லை. எதிர்க்கொட்டகை கந்தசாமியும் இப்படிக் கிடந்தவர்தான். போன வாரம் அவர் மருமகள் வேலை விட்டு வருவதற்குள் தகரத்தின் கீழேயே அடங்கிப்போனார்.

அன்று மதியம் கஞ்சி ஊட்ட ஓடினேன். தருமன் உடம்பு அனலாகக் கொதித்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. கூப்பிட்டால் வேறெங்கோ பார்த்தார். தறி அறைக்குத் திரும்பி ஓடி, கிழக்கு ஜன்னல் சாக்கை அவிழ்த்து வந்து அவர்மேல் போர்த்தினேன். சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினேன். வெகுநேரம் கழித்துக் கண் திறந்தார்.

"இன்னாடி, பட்டுத்துணியா போத்திகினு கீற எனக்கு?"

நான் தறி வீட்டுக்குத் திரும்புவதற்குள் அங்கே இழைகள் அறுந்திருந்தன. மணவாளனின் மனைவி திலகவதி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"சாக்கு எங்கடி?"

"அவருக்கு ஒடம்பு கொதிக்குதும்மா..."

"சாக்கை எடுத்தவளே சாக்கு சொல்றா பாரு!"

மணவாளன் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "வுடு. முனியம்மா, நாளைக்கு சாக்கோட வா."

மறுநாள் காய் விற்கும் தேவகியிடம் தள்ளுவண்டி இரவல் வாங்கி, சாக்கோடு வந்தேன். சாக்குக்குக் கீழே தருமன் இருந்தார். வண்டியை வாசல் நிலையை ஒட்டி நிறுத்தினேன்.

"இன்னாடி இது?" என்றாள் திலகவதி.

"சாக்கோட வரச் சொன்னாருங்களே."

"ஒங்க ஆளுங்க யாரும் இந்த வூட்ல படுத்தது கெடையாது."

"தண்ணி தெளிக்க உள்ள வரலாம், படுக்க வரக்கூடாதாம்மா? ஒரு பாய் அகலம் போதும்."

"எடுத்துகினு போ மொதல்ல."

நான் போகவில்லை. வாசல் தொட்டியில் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்து, வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

"ஐயா, அவரு உள்ள வந்தாதான் தண்ணி உள்ள வரும்" என்று தறி அறையைப் பார்த்துச் சொன்னேன்.

உள்ளே ஒரு இழை அறுந்தது. பின்னாலேயே இன்னொன்று. தறிச் சத்தம் நின்றது. மணவாளன் தறிக்குழியிலிருந்து காலை வெளியே எடுத்தார். எழுந்திருக்கவில்லை, என்னையே பார்த்தார்.

இடுப்பு கடுத்தது. குடத்தை இறக்கவில்லை. விளிம்பில் தளும்பிய தண்ணீர் வாசற்படியில் சொட்டிக்கொண்டிருந்தது. வண்டியில் சாக்கு அசைந்தது. அடியிலிருந்து தருமனின் இடது கை மெல்ல நீண்டு, நிலைச்சட்டத்தைப் பற்றிக்கொண்டது.