நூறு மீட்டருக்குக் கீழே

என் கணவர் எவரிஸ்தோ மலைக்காரர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர். மலையில் தோண்டத் தோண்டத் தண்ணீர் இனிக்கும். அந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டே அல்மேரியாக் கடற்கரையில் நாற்பது வருடம் ஓட்டிவிட்டார். நாங்கள் வந்தபோது இது புல்கூட முளைக்காத கட்டாந்தரை. கடற்கரை மணலை லாரி லாரியாக அள்ளி வந்து பரப்பி, மேலே பிளாஸ்டிக் கூடாரம் போட்டு, குளிர்காலத்தில் ஐரோப்பா முழுவதற்கும் குடைமிளகாய் அனுப்பினோம். எல்லாம் நிலத்தடித் தண்ணீரை நம்பித்தான்.

இந்த வருடம் செடிகள் பூத்த நேரத்தில் கிணறு வற்றியது. பூ உதிர்ந்தால் வருடமே போயிற்று. இன்னும் ஆழமாகத் தோண்ட எவரிஸ்தோ துளைபோடும் இயந்திரத்தைக் கூப்பிட்டார்.

பக்கத்துத் தோட்டத்து ஹினேஸ் இந்த ஊர் மீனவர் வீட்டுப் பிள்ளை. வேலியோரம் வந்து நின்றார்.

"வேணாம்பா. இதுக்குக் கீழ இருக்கிறது தண்ணி இல்ல, கடலு. பூ நிக்கிற வரைக்கும் என் கிணத்துலருந்து குழாய் இழுத்துக்கோ."

"வலை இழுத்தவனுக்குக் கிணத்தைப் பத்தி என்னடா தெரியும்?"

ஹினேஸ் சிரித்துவிட்டுப் போனார். என் கணவரின் அந்தக் கேலிக்கு நானும் சிரித்தேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நூறு மீட்டரில் தண்ணீர் பீறிட்டது. எவரிஸ்தோ தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு ஒயின் ஊற்றினார். பத்தாம் நாள் இலைகளின் ஓரம் தீய்ந்தது. குழாயில் ஒரு வாய் பிடித்துப் பார்த்தேன், கரித்தது. சொன்னேன். உரம் கூடிப்போயிற்று, இன்னும் தண்ணீர் விட்டால் சரியாகும் என்றார். உப்பை உப்பாலேயே கழுவினார். மூன்று வாரத்தில் ஒன்பதாயிரம் செடியும் நின்ற இடத்தில் காய்ந்தன. துளையின் அடியை சிமென்ட் வைத்து அடைத்தும் பார்த்தார். நிலத்தடியில் புகுந்துவிட்ட கடல் திரும்பிப் போகவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டவர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். போகட்டும், எங்கள் தலையோடு போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஹினேஸ் வந்தார். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்தார்.

"என் கிணத்துத் தண்ணி. குடிச்சுப் பாரு."

எவரிஸ்தோ எழுந்து வந்து ஒரு வாய் குடித்தார். நிறுத்தவில்லை. முகம் கோணாமல், மடக் மடக்கென்று முழுப் பாட்டிலையும் குடித்தார். தடுக்க என் கை எழவில்லை.

ஹினேஸ் காலி பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

"குடிச்சுத் தீராது, எவரிஸ்தோ," என்றார். "எம் பொண்ணு தோட்டத்துலயும் இன்னிக்கு இலை தீய ஆரம்பிச்சிடுச்சு."