கடைசிப் பகுதியின் இருமல்

முப்பது வருடத்துக்கு முன் டிவியில் வந்த ஒரு தொடரை, கம்பெனிக்காரர்கள் இப்போது வெட்டி ஒட்டி, இசையையும் மாற்றி வெளியிட்டிருந்தார்கள். அன்று வந்ததை வந்தபடியே காப்பாற்ற ரசிகர்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். கடைசிப் பகுதி மட்டும் எவரிடமும் இல்லை. குழுவில் இருந்த ஒரு மருந்துக்கடைக்காரரின் அக்கா அன்று பதிவு செய்து வைத்த கேசட்டில் அது இருந்தது.

அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய தம்பிக்குக் கை சும்மா இருக்குமா? இரைச்சலை நீக்கினார். நடுவில் கேட்ட இருமலையும் நீக்கி, முதல் பதிவின் மேலேயே சேமித்துவிட்டார்.

அக்கா வந்து பார்த்தாள். "கதையில கதவுக்குப் பின்னால அப்பா இருமுவாரே, அது எங்கடா? அதைக் கேட்டுத்தானே மக கதவைத் திறப்பா?"

"ஸ்டுடியோவுல யாரோ இருமிட்டாங்கன்னு நினைச்சேன்க்கா."

"இருமல் மருந்து விக்கிறவன்கிட்ட கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவர் பதறிப்போய் கேசட்டை மறுபடி ஓட்டினார். நைந்த நாடா மெஷினில் சிக்கிக் கந்தலானது.

"சரி விடு. சொல்லாம அனுப்பிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"கம்பெனிக்காரனும் அப்படித்தானேக்கா நினைச்சிருப்பான்."

அவர் குழுவுக்கு எழுதினார்: "இது அசல் இல்லை. பதினெட்டாம் நிமிடத்தில் மூன்று இருமல் இருந்தது. நான்தான் நீக்கினேன். கேசட்டும் போய்விட்டது."

குழுவினர் அதை அசல்களோடு சேர்க்காமல் தனியாக வைத்தார்கள். கடைசிப் பகுதி யாரிடமாவது இருக்கிறதா என்று மறுநாளே மீண்டும் விசாரிக்கத் தொடங்கினார்கள்.