நாலாம் அடி

பாட்டைச் சொல்லவேண்டாம் என்று அம்பிகை என் கையைப் பிடித்துக் கெஞ்சியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. சுருவில் வாசிகசாலையில் கதிரைகள் நிறைந்துகொண்டிருந்தன. பேச வந்த என்னைக் கடைசி நேரத்தில் வாயை மூடச் சொன்னால்?

“அவர் நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சுப்போட்டு இப்பதான் வெளிக்கிடுவார், அக்கா. சோளகக் காத்து பேயாட்டம் ஆடுது. அவர் கரைக்கு வருமட்டும் அந்தப் பாட்டு வேண்டாம்.”

“என்ர மனுசனும் படம் எடுக்க நெடுந்தீவுக்குப் போனவர். அதே வள்ளத்திலதான் வாறார். நான் பயப்பிடுறனே?” என்றேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த அறப்பாட்டு அது. தோணி வைத்திருந்த சுருவில்காரர் ஒருவர், புயல்மழையில் நின்ற ஏழைப் புலவனை இடமில்லை என்று நெடுந்தீவுக் கரையில் விட்டுவிட்டு வந்தாராம். புலவன் அங்கேயே நின்று, அந்தக் கடலில் வரும் கலம் கவிழ அறம் பாடினான். அம்பிகையின் கணவன் அந்தத் தோணிக்காரரின் பரம்பரை. முழுப்பாட்டையும் வாய்விட்டுச் சொன்னால் பலிக்கும் என்பது ஊர் நம்பிக்கை. எனக்கு அது ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம், அவ்வளவுதான்.

புலவன் இந்தத் தீவுகளில் பிறந்தவன் என்பது என் கட்சி. அதற்கு ஒரே சான்று, சுருவிலின் பெயர் வரும் நாலாம் அடி. அதைக் கனடாவில் இருக்கும் ஓர் ஊர்க்காரர் போனில் சொன்னார். அவருக்கு இந்தக் கடல் தூரம், பயமில்லை. என் ஆய்வை மதிப்பிடுபவர் பேராசிரியர் ஜெகதீஸ். “சுருவில் சனத்துக்கு முன்னால சொல்லும். ஒருத்தராவது ஓமெண்டால் நானும் ஓம். இல்லாட்டி அந்த அத்தியாயத்தை வெட்டும்” என்று சொல்லியிருந்தார். அத்தியாயம் போனால் ஆய்வே போச்சு. அவர் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

பேசத் தொடங்கினேன். யன்னல்கள் அடித்துக்கொண்டன. ஒரு மணித்தியாலம் கழித்துப் பாட்டுக்கு வந்தேன்.

“இடமில்லை என்றாய் எனைக்கரையில் விட்டாய்...”

இரண்டாம் அடி சொன்னேன். மூன்றாம் அடி சொன்னேன். அம்பிகை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்துகிற எண்ணம் எனக்கு இல்லை.

அவளுடைய போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். என்னையும் அறியாமல் நான் காத்து நின்றேன். திரும்பி வந்தவள் நேரே என்னிடம் வந்தாள். முகத்தில் சந்தோசமும் இல்லை, அழுகையும் இல்லை.

“அவர் குறிகட்டுவான் துறைக்கு வந்திட்டார், அக்கா. வள்ளத்தில ஒரு இடம்தான் இருந்ததாம். வீட்டில கைக்குழந்தை எண்டு உங்கட அவர்தான் இவரை ஏத்தி விட்டவராம். தான் அடுத்த வள்ளத்தில ஏறினவராம்.”

“அது?”

“இன்னும் வரேல்லையாம். காத்து மாறிப்போச்சாம்.”

முன்வரிசைக்கு எல்லாமே கேட்டிருக்கும். பின்வரிசைக்கும் கேட்டிருக்கும். பேராசிரியர் தொண்டையைச் செருமினார்.

“வள்ளம் வரும், பயப்பிடாதையும். நாலாம் அடியைச் சொல்லும்.”

கட்டுக்கதை, வெறும் கட்டுக்கதை என்று எனக்குள் சொன்னேன். ஊருக்கு உபதேசம் சொன்ன வாய் திறக்கவேயில்லை.

“மறந்துபோச்சு, சேர்.”

“மறந்துபோச்சோ?” அவர் எழும்பிச் சபையைத் திரும்பிப் பார்த்தார். “சரி, உங்களில ஆருக்காவது அந்த அடி தெரியுமோ?”

எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். கிழவர் ஒருவரின் உதடு அசைந்தது. பக்கத்தில் இருந்தவர் அவருடைய தொடையைத் தட்டினார். அவ்வளவு பேருக்கும் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பேராசிரியர் கடைசியாக அம்பிகையைப் பார்த்தார். “உங்கட வீட்டுப் பாட்டுத்தானே, பிள்ளை. உமக்குமோ தெரியாது?”

அம்பிகை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியாது, ஐயா,” என்றாள்.