சம்பந்திகளின் ரயில் கம்பெனி

கை கழுவப் போன பல் டாக்டர் தவறான கதவைத் திறந்துவிட்டார். அவருடைய மகளும் பேக்கரிக்காரரின் மகனும் ஒருவரையொருவர் விரும்பி, பேக்கரிக்காரர் வீட்டில் இரண்டு குடும்பமும் முதன்முறையாகச் சந்தித்த நாள் அது. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் அளந்து அளந்து பேசிக்கொண்டிருந்தார்கள். போன மனிதர் திரும்பவே இல்லை என்றதும், அவர் மனைவி மகளுக்குக் கண்ணைக் காட்டினார். மகள் எழுவதற்குள் பேக்கரிக்காரர் பதறிப்போய் எழுந்து ஓடினார். அது அவர் வெளியாட்கள் யாருக்கும் காட்டாத அறை.

உள்ளே, சுவரோடு சுவராக நீண்ட பலகையின் மேல் ஒரு ரயில் பாதை. குட்டி ஸ்டேஷன், குட்டி சிக்னல், பஞ்சை நனைத்து ஒட்டிய மரங்கள். பல் டாக்டர் குனிந்து, சுரங்கப் பாதைக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வந்து... சும்மா பொழுதுபோக்கு" என்றார் பேக்கரிக்காரர், மாட்டிக்கொண்டவர் போல.

"எனக்கும் ஒண்ணு இருக்குங்க."

"என்ன இருக்கு?"

"இதேதான். மாடியில."

அதன் பிறகு கல்யாணப் பேச்சு மளமளவென்று முடிந்துவிட்டது. பேசவேண்டிய இருவரும் அந்த அறையை விட்டு வெளியே வந்தால்தானே இழுபறிக்கு வழி!

கல்யாணம் முடிந்ததும் மகனும் மருமகளும் தனி வீடு போனார்கள். பேக்கரிக்காரர் மனைவியை இழந்தவர். ஒற்றை ஆளுக்கு அவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று கடைக்கு மேலேயே இரண்டு அறைகளுக்கு மாறிக்கொண்டார். ரயில் பாதைக்கு அங்கே இடமில்லை. இன்ஜின்கள் அட்டைப் பெட்டிகளுக்குள் போயின. கேள்விப்பட்ட பல் டாக்டர் அன்றே போனைப் போட்டார்.

"சம்பந்தி, எங்க மாடி அறை சும்மாதான் பாதி கிடக்கு. கொண்டாந்து போடுங்க. ரெண்டையும் இணைச்சுடலாம்."

பேக்கரிக்காரருக்கு வாயெல்லாம் பல். சந்தோஷ மிகுதியில், "ரெண்டு குடும்பமும் ஒண்ணாயிடுச்சு. ரெண்டு ரயில் கம்பெனியும் ஒண்ணாயிடட்டுமே" என்று சொல்லிவிட்டார். பல் டாக்டரும் யோசிக்காமல் "பேஷா!" என்றார்.

போனை வைத்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. பல் டாக்டருடையது மலைப்பாதை ரயில்வே, இன்ஜின்கள் கரும்பச்சை. பேக்கரிக்காரருடையது கடலோர ரயில்வே. அவை மாதுளம்பழச் சிவப்பு. இரண்டு பேரும் பல வருடங்களாகத் தூரிகையும் கையுமாக உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அடித்த நிறம். ஒன்றாக்குவது என்றால் எல்லா இன்ஜினையும் சுரண்டிப் புது நிறம் அடித்து, புதுப் பெயர் எழுத வேண்டும். ஆனால் சம்பந்தியிடம் சொன்ன சொல்லை யார் முதலில் திரும்ப வாங்குவது?

முதலில் நிறத்தில் ஆரம்பித்தது. பச்சையையும் சிவப்பையும் கலந்து பார்த்தார்கள். கிண்ணத்தில் வந்ததை எட்டிப் பார்த்த டாக்டர் மனைவி, "சாக்கடை அடைச்சுக்கிட்டா இந்தக் கலர்லதான் வரும். இதுல ரயில் விட்டா நான் ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் மயில்கழுத்து நீலம் என்று முடிவானது. இரண்டு பேரிடமும் இல்லாத நிறம் என்பதே அதற்கு முக்கியத் தகுதி.

பெயர்தான் பெரிய தொல்லை. மலை, கடல் இரண்டும் இருக்க வேண்டும். எது முன்னால்?

"கடலே முதல்ல வரட்டும் சம்பந்தி. நீங்க பையனைப் பெத்தவர்."

"அதெல்லாம் அந்தக் காலம். மலைதான் முதல்ல. உங்க வீடு, உங்க மேசை."

"சேச்சே, கடல்தான்."

"நான் ஒத்துக்கமாட்டேன். மலைதான்."

கேட்பவர்களுக்கு இருவரும் விட்டுக்கொடுப்பது போலத்தான் இருக்கும். ஆனால் மலை என்று சொன்னபோதெல்லாம் டாக்டரின் முகம் மலர்ந்ததையும், கடல் என்றபோது பேக்கரிக்காரர் சற்றே தாமதித்து மறுத்ததையும் டாக்டர் மனைவி கவனித்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வாரம் பொறுத்தார். பிறகு காபித் தம்ளரை மேசையில் நங்கென்று வைத்தார்.

"இன்ஜினுக்கு ரெண்டு பக்கம் இருக்கா இல்லையா? ஒரு பக்கம் மலை-கடல்னு எழுதுங்க. இன்னொரு பக்கம் கடல்-மலைன்னு எழுதுங்க. அவங்கவங்க பக்கத்துல நின்னு பார்த்துக்கோங்க. ஆளை விடுங்க."

இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உலகத்தில் எந்த ரயில் கம்பெனியும் இப்படிச் செய்திருக்காது. ஆனாலும் இருவருக்கும் உள்ளுக்குள் அவ்வளவு நிம்மதி. மகள் கம்ப்யூட்டரில் எழுத்து வடிவத்தை வரைந்து, தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய தாள்களில் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஒரே வண்டி ரெண்டு கம்பெனியாப்பா?" என்று கேட்டதற்கு, "உங்க அம்மாவைக் கேளு" என்று பதில் வந்தது.

வேலை சுறுசுறுப்பாக நடந்தது. அதிகாலை அடுப்பு வேலை முடிந்து, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் பேக்கரிக்காரர் வந்துவிடுவார். இன்ஜினின் மேல்கூட்டை அடிச்சட்டத்திலிருந்து திருகு கழற்றி எடுத்து, மூடி போட்ட டப்பாவில் ஸ்பிரிட்டில் ஊறப்போடுவார்கள். பெயிண்ட் தோல் போலச் சுருங்கி எழும்பும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் கழன்று வரும். டூத் பிரஷ்ஷுக்கு அந்த வீட்டில் பஞ்சமே இல்லை. பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, சாம்பல் நிறப் பிரைமர் அடித்து, அதன் மேல் நீலம். கிளினிக்கில் ஓய்வு பெற்ற கம்ப்ரஸர் ஒன்று மாடிக்கு வந்து, காற்றோடு பெயிண்டைத் தூவிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் கேட்டால் தனக்குப் பல் கூசுகிறது என்று பேக்கரிக்காரர் ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார்.

ஒரு விடுமுறை நாளில் சம்பந்தி வருவதற்கு முன்பே டாக்டர் வேலையைத் தொடங்கினார். பெட்டியைத் திறந்தபோது அடியில் ஒரு குட்டி இன்ஜின் கிடைத்தது. யார்டுக்குள் பெட்டிகளை இழுத்துப் போடும் ஷண்டிங் இன்ஜின். மற்றவற்றைப் போல ஒட்டிய எழுத்தில்லை, கையால் எழுதியிருந்தது. டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். 'கடலோர ரயிவ்லே.'

அவருக்குச் சிரிப்பு வந்தது. பாவம், அவசரத்தில் எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டார் மனுஷன். எதிரில் வைத்துச் சொன்னால் கூச்சப்படுவார், அவர் வருவதற்குள் முடித்துவிடுவோம் என்று நினைத்தார். ஸ்பிரிட்டில் போட்டார். ஊறியதும் தேய்த்து எடுத்து, பிரைமரும் அடித்துவிட்டார். நல்ல காரியம் செய்த திருப்தியோடு அதை முன்வரிசையில் காயவைத்தார்.

பேக்கரிக்காரர் வந்தார். அதைக் கையில் எடுத்தார்.

"இது... அந்தச் சின்ன இன்ஜினா?"

"ஆமா சம்பந்தி. முதல் வேலையா முடிச்சுட்டேன்."

பேக்கரிக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா சுத்தமா வந்திருக்கு" என்றார். மெதுவாகக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் எதையோ தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

"அண்ணா காபியைத் தொடவே இல்லையே. என்ன சொன்னீங்க அவரை?" என்று கேட்டார் மனைவி.

"நான் ஒண்ணுமே சொல்லலையே!"

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் செய்தால் "கொஞ்சம் வேலை சம்பந்தி" என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்த மரியாதைதான் டாக்டரைக் குடைந்தது. வார இறுதியில் மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். மாடிக்கு வந்த மாப்பிள்ளை சாம்பல் நிறக் கூட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"மாமா, இதுல எழுத்து இருந்துதே?"

"தப்பா இருந்துது மாப்பிள்ளை. அழிச்சுட்டேன்."

"அது அம்மா எழுதினது."

டாக்டர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை பொறுமையாகச் சொன்னான். அம்மாதான் கடையில் கேக்குக்கெல்லாம் பெயர் எழுதுவாள். அப்பாவுக்குக் கை நடுங்கும் என்று இன்ஜினையும் வாங்கி, பல் குத்தும் குச்சியால் பெயிண்டைத் தொட்டு எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்த பிறகுதான் தப்பு தெரிந்தது. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ரயில்வே என்று யாரும் சொன்னதில்லை. ஊருக்குப் போனாலும் "ரயிவ்லே ஸ்டேஷன்"தான்.

"அப்பா சொல்லலையா மாமா?"

"சொல்லலையே" என்றார் டாக்டர். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது சாம்பாரை எடுத்துத் தண்ணீர் என்று குடிக்கப் போனார்.

மறுநாள் கிளினிக்கைச் சீக்கிரம் மூடிவிட்டு நேராக பேக்கரிக்குப் போனார். உள்ளே ரொட்டி வெந்து இறங்கும் வாசனை. பேக்கரிக்காரர் மாவுக் கையோடு தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சம்பந்தியைப் பார்த்ததும் அவசரமாக ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே!"

"உங்க வீட்டம்மா எழுதினதுன்னு நேத்துதான் தெரிஞ்சுது" என்றார் டாக்டர், உட்காராமலேயே. "ஒரு பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி இதுதானா, இதுதானான்னு நூறு தடவை கேக்கறவன் நான். இதுல ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டேன். எந்த முகத்தோட உங்களைப் பார்க்கறதுன்னே தெரியலை."

பேக்கரிக்காரர் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டார். "தனியா எடுத்து வச்சேன் சம்பந்தி. அப்புறம் நானேதான் திரும்பப் பெட்டிக்குள்ள வச்சேன். தனியா வச்சா அலமாரியில நிக்கும், அவ்வளவுதான். அவ அது ஓடறதுக்காகத்தானே எழுதினா. உங்ககிட்ட சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துது. சம்பந்தி வீட்டுல போய் இதையெல்லாமா பேசறதுன்னு விட்டுட்டேன். தப்பு என் பேர்லயும் இருக்கு."

"நான் ஒண்ணு யோசிச்சேன்" என்றார் டாக்டர் ஆவலாக. "எல்லா இன்ஜினுக்கும் ரயிவ்லேன்னே எழுதிடலாம். பொண்ணுகிட்ட சொன்னா புதுசா அச்சடிச்சுக் கொடுத்துடுவா."

பேக்கரிக்காரர் சற்று யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "வேணாம். அவ தெரியாம எழுதினா, அது அழகு. நாம தெரிஞ்சே எழுதினா அவளைக் கேலி பண்ற மாதிரி ஆயிடும்."

டாக்டருக்கு அது சரியென்று பட்டது. திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்துப் பேக்கரிக்காரருக்கே இரக்கம் வந்துவிட்டது.

"பல்லுன்னா திரும்ப முளைக்காது. பெயிண்ட்தானே, அடிச்சுக்கலாம். மூஞ்சியை அப்படி வச்சுக்கிட்டு நிக்காதீங்க, வாடிக்கை ஓடிடும். இந்தாங்க, இந்த பன்னைச் சாப்பிடுங்க."

சூடான பன்னை இருவரும் ஸ்டூலில் உட்கார்ந்து தின்றார்கள்.

அடுத்த நாள் மதியம் பேக்கரிக்காரர் மாடிக்கு வந்தார். அந்தக் குட்டி இன்ஜினுக்கு நீலத்தை அவரே அடித்தார். ஒட்டும் எழுத்தை நீட்டியபோது வாங்கவில்லை. குச்சியைக் கேட்டார். மேசை மேல் முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார். எழுத்து கோணலும் மாணலுமாக வந்தது. 'ரயில்வே' என்று சரியாகவே எழுதினார்.

"உங்க வீட்டம்மா கையெழுத்து எப்படி இருக்கும் அண்ணா?" என்று கேட்டார் டாக்டர் மனைவி. இத்தனை மாதப் பழக்கத்தில் அந்த அம்மாவைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை.

பேக்கரிக்காரர் குச்சியைக் கீழே வைத்தார். "எழுத்து முத்து முத்தா இருக்கும் சம்பந்தியம்மா. ஆனா நிறுத்தத் தெரியாது. கேக்குல பேர் எழுதச் சொன்னா வாழ்த்து, வயசு, நாலு பூ எல்லாம் போட்டுடுவா. ஒரு தடவை இடம் பத்தாம தட்டு மேலயே மிச்சத்தை எழுதிட்டா. வாங்க வந்தவர் தட்டையும் சேர்த்துக் கொடுங்கன்னு நின்னுட்டார்!"

டாக்டர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேக்கரிக்காரர் இன்னொன்று சொன்னார். பிறகு இன்னொன்று. பிரஷ் காய்ந்துபோனது யாருக்கும் தெரியவில்லை. இவர் இவ்வளவு பேசுவார் என்று டாக்டருக்கு அன்றுதான் தெரிந்தது.

இன்ஜின்கள் எல்லாம் முடிந்து பளபளக்காத மேட் வார்னிஷ்ஷும் காய்ந்த பிறகு, ஒரு மாலை எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் ஒரு பக்கம், பேக்கரிக்காரர் எதிர்ப்பக்கம். நீல இன்ஜின்கள் ஒவ்வொன்றாகச் சுரங்கத்திலிருந்து வெளியே வந்தன. டாக்டர் "மலை-கடல் புறப்படுது!" என்றால், எதிர்ப்பக்கத்திலிருந்து "கடல்-மலை வந்து சேருது!" என்று பதில் வந்தது. குட்டி இன்ஜின் யார்டுக்குள் அங்குமிங்கும் ஓடிப் பெட்டிகளை இழுத்துப் போட்டது. அது தன் பக்கம் வரும்போதெல்லாம் பேக்கரிக்காரர் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

"எல்லாம் சரிதான்" என்றாள் மகள். "இன்ஜின் நீலம். பின்னாடி வர்ற பெட்டியெல்லாம் பாதி பச்சை, பாதி சிவப்பா இருக்கே?"

இருவரும் வண்டியை நிறுத்திவிட்டுப் பெட்டிகளைப் பார்த்தார்கள். வரிசை வரிசையாகப் பெட்டிகள்.

"க்ரீம் கலர் அடிச்சா எடுப்பா இருக்கும். நீங்க என்ன சொல்றீங்க சம்பந்தி?" என்றார் டாக்டர்.

"நீங்க சொன்னா சரிதான்" என்றார் பேக்கரிக்காரர். சற்றே தாமதித்து, "ஆனா மஞ்சளும் நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

டாக்டர் மனைவி தம்ளர்களை எடுத்துக்கொண்டு, காபி போடக் கீழே இறங்கினார்.